யூவி ஃபில்டர்: எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது

டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. அதனால் இன்று, லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் யூவி (புற ஊதா) ஃபில்டர் பெரும்பாலும் லென்ஸுக்கு ஒரு கவசம்தான். தூசி, உப்புக் காற்று, விரல் ரேகைக்குச் சரி. கீழே விழுந்தால் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அதற்கு லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹுட்டே மேல்.

வாங்கும்போது லென்ஸின் முன்பக்கம் ø குறிக்கு அருகில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 52, 67, 77 என்று மில்லிமீட்டரில் இருக்கும். இதை, அதேபோல் மில்லிமீட்டரில் குறிக்கப்படும் குவியத் தூரத்தோடு (focal length) குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அடுத்தது கோட்டிங், அதாவது கண்ணாடியின் மேல்பூச்சு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4% ஒளியைத் திருப்பி அனுப்பும். இரு பரப்புக்கும் சேர்த்து 8%. இரவில் தெருவிளக்கை எடுத்தால் படத்தின் எதிர்மூலையில் பச்சையாக ஒரு பேய் விளக்கு தெரிவது இதனால்தான். மல்டி கோட்டிங் (பல அடுக்குப் பூச்சு) இதை வெகுவாகக் குறைக்கும், ஆனால் முழுவதும் ஒழிக்காது. இரவிலும், சூரியன் ஃபிரேமுக்குள் வரும்போதும் கழற்றிவிடுங்கள்.

அகலமான காட்சியை எடுக்கும் வைட் லென்ஸுக்கு மெல்லிய விளிம்புள்ள ஃபில்டர் வேண்டும், இல்லையேல் மூலைகள் கறுக்கும்.

மாட்டும்போது முதலில் இடப்பக்கம் லேசாகச் சுற்றி, மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் வலப்பக்கம் திருகுங்கள். இறுக்க வேண்டாம். சிக்கிக்கொண்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள்; வளையம் நெளிந்து இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பேண்டை விளிம்பில் சுற்றி, எல்லா விரல்களாலும் மெதுவாகத் திருப்பினால் கழன்றுவிடும்.