கல்லீரல் செல்கள்: மார்ச் குறிப்புகள்

மார்ச் 4
திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த மனிதக் கல்லீரல் செல்களை உருக்கி, மருந்தைச் சிதைக்கும் திறன் எதில் நீடிக்கிறது என்று பார்க்க, பாதியைக் கொலாஜன் பூசிய தட்டிலும், மீதியைச் செல் ஒட்டாத குழிகளில் உருண்டையாகத் திரளும்படியும் இட்டோம்.

மார்ச் 5
பலகோண வடிவம், சிலவற்றில் இரட்டைக் கரு. அழகை நம்புவதற்கில்லை.

மார்ச் 7
தட்டிலுள்ள செல்களுக்கு மிடசோலம் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், அதைச் சிதைக்கும் சைட்டோகுரோம் 3ஏ4 நொதி உண்டாக்கும் ஹைட்ராக்சி மிடசோலம் முதல் அளவீட்டில் பாதிகூட இல்லை. அல்புமின் புரதம் மட்டும் குறையாமல் சுரந்துகொண்டிருக்கிறது. அதை வைத்துச் செல்கள் நலம் என்று எழுதிவிடுவோர் உண்டு. கொலாஜெனேஸ் திசுவைக் கரைத்துச் செல்லைத் தனியாக்கும்போதே அண்டைச் செல்களின் பிடிப்பும் சமிக்ஞைகளும் அறுந்துவிடுகின்றன. கல்லீரல் மரபணுக்களை இயக்கும் எச்என்எஃப்4 ஆல்ஃபா புரதம் தளரத் தளர, மருந்தைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களும் ஒவ்வொன்றாக அடங்குகின்றன.

மார்ச் 8
ஊடகம் மாற்றினேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 11
தட்டில், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை உயர்த்திய குழிகளில் 3ஏ4 ஏறியிருக்கிறது, ஆனால் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவில் அது செல்லின் இயல்பைக் காக்கிறது. அதன் ஆயிரம் மடங்கான மைக்ரோமோலாருக்குப் போனால், மருந்துகளை உணர்ந்து நொதிகளைக் கூட்டும் பிஎக்ஸ்ஆர் ஏற்பியையே தூண்டி 3ஏ4-ஐ உயர்த்தக்கூடும். அப்படியானால் நான் அளப்பது காப்பாற்றப்பட்ட செயல்பாட்டையா, தூண்டிவிடப்பட்ட எண்ணையா?

மார்ச் 13
இத்தனை நாள் இழுப்பது எதற்கு என்று நண்பர் கேட்டார். 1993இல் அமெரிக்காவில் ஃபியாலூரிடின் சோதனையில் மருந்தெடுத்த 15 ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுள் 5 பேர் இறந்தனர். வாரக்கணக்கில் கழித்துத்தான் அந்த நச்சுத்தன்மை வெளிப்பட்டது. மூன்றே நாளில் சோர்ந்துவிடும் தட்டு அதை எப்படிக் காட்டும்?

மார்ச் 18
தட்டில் இருப்பவை தட்டையாகி, நீண்டு, நார்ச்செல் போலத் தோன்றுகின்றன. உருண்டைகளோ குறைந்த டெக்சாமெத்தசோனிலேயே மிடசோலத்தைச் சீராக மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் இத்தகைய உருண்டைகளை 5 வாரங்கள் செயல்பாட்டுடன் வைத்திருந்ததாகக் காட்டினார்கள். உருண்டை பெருத்தால் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாது என்பதால் விட்டத்தைத் தினமும் அளக்கிறேன். இது தேவையா, பதற்றமா என்று தெரியவில்லை.

மார்ச் 20
எல்லாக் குழிகளுக்கும், பிஎக்ஸ்ஆரைத் தூண்டி 3ஏ4-ஐ உயர்த்தும் ரிஃபாம்பிசின்.

மார்ச் 22
உருண்டைகளில் 3ஏ4 தெளிவாக ஏறியிருக்கிறது. டெக்சாமெத்தசோன் மிகுந்த தட்டில் ஏற்றம் சொற்பம்; ஏற்கெனவே தூண்டப்பட்ட செல்லுக்கு ஏற இடமில்லை என்றும் கொள்ளலாம், ஏறவே திராணியில்லை என்றும் கொள்ளலாம். பிஎக்ஸ்ஆர் ஏற்பியின் ஆர்என்ஏவைப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. நாளை டைக்ளோஃபெனாக் கொடுத்து, அதைச் சிதைக்கும் 2சி9 நொதியையும் அளக்க வேண்டும்; 3ஏ4 ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.