தோமெரியில் ஒரு நாயின் பென்சில் ஓவியம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண் ஓவியர் ரோசா போனர் வாழ்ந்த தோமெரிக்குப் பாரிசிலிருந்து செல்லும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் து லியோன் ரயில் நிலையத்தில் ஆர் (R) வரிசைப் புறநகர் ரயிலில் ஏறினால், 2025ஆம் ஆண்டுக் கட்டணப்படி 2.50 யூரோவில் அந்தச் சிற்றூரிலேயே இறங்கிவிடலாம். நான் காலையில் ஃபோந்தேன்புளோ அரண்மனையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்தேன். பத்துக் கிலோமீட்டர்கூட வராத அந்தத் தூரத்துக்கு ஓட்டுநர் மீட்டரைப் போட மறுத்து 40 யூரோ வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாட்டுக்கென ஒதுக்கியிருந்த பணம் அது. இதை எழுதும்போதும் கோபம் தணியவில்லை.

உழவு மாடுகளையும் ஆட்டு மந்தைகளையும் வாழ்நாள் முழுவதும் வரைந்த ரோசா போனர், தம் ஓவியங்கள் ஈட்டித் தந்த பணத்தில் 1859இல் வாங்கிய பி (By) மாளிகை இங்கேதான் இருக்கிறது. 1899இல் அவர் மறையும்வரை வேலை செய்த ஓவியக்கூடத்தை, வழிகாட்டியுடன் குழுவாகச் சென்று பார்க்கலாம். குழுவில் எல்லோரும் பெரிய எண்ணெய் ஓவியங்களின் முன் கூடி நிற்க, என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு நாயின் சிறு பென்சில் ஓவியம். காதுகளும் கண்களைச் சுற்றிய மயிரும் இழை இழையாகத் தீட்டப்பட்டிருக்க, முதுகோ அழுத்தி இழுத்த ஒரே கோட்டில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அந்தக் கோட்டுக்கு அடியில் தோள்பட்டை எலும்பு எங்கே திரும்புகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. இளம் வயதில் பாரிசின் இறைச்சிக்கூடங்களுக்குச் சென்று விலங்குகளின் உடலமைப்பைக் கற்றவர், சந்தைகளில் தொல்லையின்றி நின்று வரைவதற்காகக் பெண்கள் கால்சட்டை அணியத் தடை இருந்த அக்காலத்தில் காவல்துறையிடம் அனுமதி பெற்று அதை அணிந்தவர் அவர். அந்த உழைப்பெல்லாம் இந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

லண்டனில் உள்ள வாலஸ் தொகுப்பு அருங்காட்சியகத்தில் அவர் 1864இல் தீட்டிய பிரிசோ என்ற நாயின் எண்ணெய் ஓவியம் உள்ளது. அழகானதுதான், ஆனால் அதில் வேலை முடிந்துவிட்டது. இந்தத் தாளிலோ அவர் பார்த்துக்கொண்டிருப்பதையே நாமும் பார்க்கிறோம் என்பதால், எனக்கு இதுவே உயர்ந்தது. அவருடைய வாரிசான அன்னா கிளும்ப்கே 1900இல் 2,000க்கும் மேற்பட்ட படைப்புகளை ஏலத்துக்குக் கொண்டுவந்த பிறகும், இத்தகைய தாள்கள் இந்த வீட்டில் எஞ்சியிருப்பது நம் நல்வாய்ப்பு.

நுழைவுச்சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். தோமெரி நிலையத்திலிருந்து நடந்தே செல்லுங்கள். ஷாஸ்லா என்ற வகைத் திராட்சைக் கொடிகளைப் படரவிட எழுப்பிய பழைய மதில்கள் இந்த ஊரெங்கும் நிற்கின்றன. காருக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் பணத்தில் ரொட்டியும் பிரீ பாலாடைக்கட்டியும் வாங்கி வயிறாரச் சாப்பிடலாம்.