ஹிக்கரிக் கட்டையின் முதுகு

சோளகக் காற்று எழும்பிய கிழமைதான் மச்சான் கனடாவிலிருந்து போட்ட பெட்டி யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பால்மா, சொக்லேட், உடுப்புகளுக்கு அடியில் சாக்குத்துணியில் சுற்றிய ஒரு கட்டை. 6 அடி நீளம், 3 அங்குல அகலம், நார் ஓட்டத்தோடு பிளந்த ஹிக்கரி. தென் ஒன்ராறியோவில் தானாக வளரும் மரம். அங்கே கோடரிப் பிடியும் சுத்தியல் பிடியும் இதில்தான் செய்வார்கள். வட அமெரிக்காவின் பூர்வகுடிகள் பலர் இதில் வில் செய்திருக்கிறார்கள். எனக்கும் இரண்டு வருடமாக அந்த ஆசைதான்.

வில்லுக்கு முதுகு, வயிறு என்று இரண்டு பக்கம் உண்டு. நாணை இழுக்கிறவரைப் பார்த்திருப்பது வயிறு. இலக்கைப் பார்த்திருப்பது முதுகு. வளையும்போது வயிறு நெருக்குப்படும், முதுகு இழுபடும். முதுகில் ஒரு நார் அறுந்தால் அங்கிருந்துதான் வில் முறியும். அதனால் பட்டைக்குக் கீழே இருக்கும் முதல் ஆண்டு வளையம் தலைமுதல் கால்வரை அறுபடாமல் இருக்க வேண்டும். நான் முன்பு பனஞ்சிலாகையில் கைபழகியவன். பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. வெளியே வைரம், உள்ளே மெத்தென்ற சோத்தி, அவ்வளவுதான். ஹிக்கரியில் உள்ளே இருக்கும் வைரம், பட்டையை ஒட்டி இருக்கும் வெளிறு இரண்டுமே வில்லுக்கு உதவும். வெளிறைச் செதுக்கி எறிய வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி.

ஆனால் என் கட்டை மாசி மாதத்துப் பனிக்குள் வெட்டியது. மரத்தில் நீர் ஏறும் காலத்தில் வெட்டினால் பட்டை வாழைமடல் போல ஒரே இழுப்பில் உரிந்து, கீழே பளபளவென்று முதுகு கிடைத்துவிடும். குளிரில் வெட்டினால் பட்டை விடாது. மச்சான் மேற்பட்டையை அங்கேயே செதுக்கிவிட்டு, பூச்சி இல்லை என்ற சான்றிதழோடுதான் அனுப்பியிருந்தான். உள்பட்டை மட்டும் மெல்லிய தோலாக, காய்ந்த மாட்டுத்தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் நான் செய்த பிழை, இரண்டு பக்கமும் பிடி உள்ள இழுப்புக் கத்தியை நன்றாகத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. கூர் கூடிய கத்திக்கு உள்பட்டை எது, மரம் எது என்று தெரியாது. பிடி வரப்போகும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரே இழுப்பில் வெள்ளை மரத்துக்குள் இறங்கிவிட்டது. கையால் தடவினேன். விரல் நகம் தடக்கும் அளவுக்கு ஒரு படி. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஓடாவியாரிடம் கட்டையைக் கொண்டு போனேன். வேம்பும் முதிரையும் பாலையும் அறுத்தே வயது போனவர். கட்டையை வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, கத்தியை வையும். போத்தல் ஓடு இருக்கோ?” என்று கேட்டார். உடைந்த கண்ணாடியின் விளிம்பால் அவர் ஒரு தரம் சுரண்டிக் காட்டினார். உள்பட்டை மண்ணிறத் தூளாக உதிர்ந்தது. மரம் வந்ததும் வெள்ளைச் சுருளாக மாறியது. சத்தமும் மாறியது, கரகரப்பு போய்ச் சீறல் வந்தது. அந்தச் சத்தம் மாறும் இடத்தில் கையை நிறுத்தப் பழகுவதுதான் இந்த வேலையில் பாதி.

வெட்டுப்பட்ட இடத்தை என்ன செய்வது? ஹிக்கரி இழுவிசையைத் தாங்குவதில் பேர்போன மரம், சிறு காயத்தைப் பொறுக்கும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. கட்டையில் தடிப்புத் தாராளமாக இருந்தது. முழு நீளத்துக்கும் ஒரு வளையம் கீழே இறங்குவது என்று முடிவெடுத்தேன்.

இது நினைத்ததைவிட மெல்லிய வேலை. ஒவ்வொரு வருடமும் மரம் முதலில் ஓட்டை ஓட்டையாக ஒரு மெல்லிய படையையும், பிறகு இறுக்கமான தடித்த படையையும் போடுகிறது. மேலே இருக்கும் வளையத்தின் இறுக்கமான படையைச் சீவி, அதற்குக் கீழுள்ள ஓட்டைப் படையையும் சுரண்டி எடுத்தால், அடுத்த வளையத்தின் இறுகிய மேற்பரப்பு வரும். ஓட்டைப் படையில் சுரண்டி ஓடும்போது கை அதிர்ந்து மொறுமொறுக்கும். பகல் வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. இரவில் மின்விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சைக் கட்டையின் பக்கத்தில் தாழ்வாகப் பிடித்தபோதுதான் மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழும்பின. பென்சிலால் கோடு போட்டுப் போட்டு, ஒன்பது இரவு.

ஒரு சின்னக் கணு இருந்தது. அந்த இடத்தில் வளையம் ஒரு சிறு புற்றுப் போல மேலே எழும்பியிருக்கும். அதைத் தட்டையாக்கினால் நார் அறும். பேனாக்கத்தி நுனியால் அதைச் சுற்றி வந்து மேட்டை மேடாகவே விட்டேன். இப்போதும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன்.

அரத்தாள் 80-இல் தொடங்கி 220-இல் முடித்தேன், எப்போதும் நீளவாக்கில்தான். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் முறிவுக்கு ஒரு வாசல். பக்க விளிம்புகளையும் உருட்டிவிட வேண்டும். கூரான விளிம்பில்தான் நார் முதலில் கிளம்பும்.

பிறகு ஈரம். வில் நூல்கள் ஹிக்கரிக்கு 6 முதல் 8 சதவீத ஈரப்பதம் கேட்கின்றன. கடற்காற்று சூழ்ந்த நம் ஊரில் அது வெளியே வைத்துக் கிடைக்காது. காற்றில் உள்ள ஈரத்தை ஹிக்கரி சட்டென்று குடித்துவிடும். ஈரமான வில் வளைந்தபடியே நின்றுவிடும், அம்பும் சோர்ந்து போகும். அதனால் வெட்டுமுனைகள் இரண்டிலும் மரப்பசை பூசி வெடிப்பைத் தடுத்தேன். வயிற்றுப் பக்கத்தை முரடாகச் சீவி மெல்லியதாக்கினேன். ஒட்டுப்பலகையில் நீளப் பெட்டி அடித்து இரண்டு பழைய 60 வாட் குண்டு பல்பு போட்டேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடு போதாது. குண்டு பல்பு தேடிப் பக்கத்தூரான திருநெல்வேலியின் சந்தையடிக் கடைகளில் நான்கு ஏறி இறங்கினேன்.

ஈரமானி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையல் தராசை இரண்டு செங்கல் மேல் வைத்து நிறுத்தேன். முதல் கிழமை இறக்கம் நன்றாகத் தெரிந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. நல்லூர்த் தேர் முடிந்த கிழமையிலும் அதற்கடுத்த கிழமையிலும் ஒரே எடை. பெட்டியிலிருந்து எடுத்து, முதுகில் மெல்லியதாக இரண்டு கை வார்னிஷ் அடித்தேன்.

நேற்று முதல் தடவையாக ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் மெதுவாக அழுத்தினேன். இரண்டு விரல் அளவு வளைந்து திரும்பியது. முதுகில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மாரி தொடங்குவதற்குள் வயிற்றைச் செதுக்கி முடிக்க வேண்டும்.