ஆடுகளின் சத்தம்

2022 புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருஷத்துக்கென்று சபையில் கொடுக்கும் வேத வசன அட்டை) 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று இருந்தது. எல்லோருக்கும் பிடித்த வசனம்தான். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலையில் குடும்ப ஜெபத்தில், அட்டையில் இருப்பதை வேதாகமத்திலேயே எடுத்து வாசிப்போம் என்று சொல்ல, அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் உபாகமம் 28-ஆம் அதிகாரத்தைத் திறந்து 13-ஆம் வசனத்தை முழுவதும் வாசித்தாள். வாசித்துவிட்டு, "அப்பா, முன்னால ஒரு பாதி இருக்கே, அது அட்டையில இல்லையே" என்றாள்.

இருந்தது. கர்த்தரின் கட்டளைகளைக் கைக்கொள்ளவும் அவைகளின்படி நடக்கவும் செவிகொடுத்துவந்தால் என்று தொடங்கி, அதற்கப்புறம்தான் தலையும் வாலும் வருகின்றன. சின்ன அட்டை, அவ்வளவும் அச்சடிக்க இடம் இருந்திருக்காது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக இந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்த நானும் அந்தப் பின்பாதியை மட்டும்தான் மனப்பாடமாக வைத்திருந்தேன் என்பதுதான் அன்றைக்கு என்னைக் குத்தியது.

தமிழில் 'கேள்' என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள். தா என்று கேட்பதும் அதுதான், காதால் கேட்பதும் அதுதான், பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்றால் கீழ்ப்படிகிறான் என்பதும் அதுதான். எபிரெயத்திலும் 'ஷமா' என்ற சொல் காதில் வாங்குவதையும் கீழ்ப்படிவதையும் சேர்த்தே குறிக்கும், அதனால்தான் நம் வேதாகமத்தில் அந்த இடங்களில் 'செவிகொடுத்தல்' என்று வருகிறது. நான் ஆண்டவரிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன், வேலைக்கு, மகளின் படிப்புக்கு, வீட்டுக் கடனுக்கு. அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் பத்து வருஷமாகக் கேட்காமல் இருந்தேன். எது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அதை இங்கே எழுத அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத் பக்கம். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அம்மா முன்பே தவறிவிட்டார்கள், அப்பா 2009-இல் போனார். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர், அக்காவும் நானும். அப்பா உயில் எழுதவில்லை. ஊருக்கு வெளியே பஸ் போகும் ரோட்டை ஒட்டி அப்பா பேரில் கொஞ்சம் இடம் இருந்தது. 2011-இல் அக்காவைக் கூட்டிப்போய், தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். 'உனக்குத்தான் கல்யாணத்துக்கு அப்பா எல்லாம் செஞ்சாச்சே' என்று நான் சொன்னதும், அவள் தலையாட்டியதும், பத்திர எழுத்தர் ஸ்டாம்ப் பேடை அவள் பக்கம் நகர்த்தி வைத்ததும், எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மறுவருஷம் அந்த இடத்தை 14 லட்சத்துக்கு விற்றேன். அந்தப் பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்துப் பாளையங்கோட்டையில் வீடு கட்டினேன். 2013-இல் பிரதிஷ்டை. வாசலில் 'எபெனேசர்' என்று கிரானைட்டில் பெயர் பொறித்தேன். 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்' என்று வேதத்தில் அந்தப் பெயருக்குக் காரணம் சொல்லியிருக்கிறது. அக்கா வந்திருந்தாள், சமையல்காரரோடு நின்று பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டப்படி இதில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், அவள்தானே கையெழுத்துப் போட்டாள். ஆனால் அந்தச் சட்டத்தையே முழுதாகப் பார்த்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அந்த 14 லட்சத்தில் பாதி அவளுடையது. அதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இடம் எவ்வளவுக்குப் போனது என்பதைக்கூடச் சொல்லவில்லை. நம் சபைகளில் இது ஒன்றும் புதிதில்லை, எத்தனையோ வீட்டில் நடப்பதுதான். அதனாலேயே யாருக்கும் உறுத்துவதில்லை.

இந்த விஷயத்தில் வேதம் பேசுவதைக் கவனித்துப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எண்ணாகமம் 27-இல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர், மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசேக்கு முன்னும் ஆசாரியனுக்கு முன்னும் சபை முழுவதுக்கும் முன்னும் வந்து நின்று எங்கள் தகப்பனின் பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்கிறார்கள். அவர்களுக்குச் சகோதரர்கள் இல்லை, அதனால் என் கதையும் அவர்கள் கதையும் ஒன்றில்லை, ஆனால் கர்த்தர் கொடுத்த பதில் எனக்கு மறக்கவில்லை: 'செலோப்பியாத்தின் குமாரத்திகள் பேசுகிறது சரிதான்'. அப்புறம் யோபு. எல்லாவற்றையும் இழந்து, திரும்ப இரட்டிப்பாய்ப் பெற்ற பிறகு அந்த மனுஷன் என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறது பாருங்கள், அவனுடைய மூன்று மகள்களுக்கும் 'சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான்'. அங்கே ஏழு மகன்கள் இருந்தார்கள், இருந்தும் கொடுத்தான். யோபின் இரட்டிப்பான ஆசீர்வாதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த ஒரு வரியில் யாரும் நின்று நான் கேட்டதில்லை.

இதற்கு நடுவே 2019-இல் அத்தானுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. துணைக்கு நானும் போனேன். அங்கே காத்திருப்பது என்றால் நாள் கணக்கில் காத்திருப்பதுதான், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் பாயும் பையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்களில், அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைப் பற்றி நிறைய யோசித்தேன். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர், மிஷனரிக் குடும்பம், தாத்தாவும் மருத்துவர், அப்பாவும் மருத்துவர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இங்கே ஊழியம் செய்ய இஷ்டமே இல்லை, அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ ஆசை. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். ஒரே இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு அவரிடம் வருகிறார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்கிறார், ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவருமே போய்விடுகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவில் ஆண்டவர் தன்னிடம் கேட்டதற்கு அவர் செவிகொடுத்தார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902-இல் ஆஸ்பத்திரி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, 1960-இல் கொடைக்கானலில் இறக்கும் வரை இந்த மண்ணில்தான் இருந்தார்.

கீழ்ப்படிந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால், அவர் ஆசைப்பட்ட வாழ்க்கை அவருக்குக் கிடைக்கவில்லை. ஆசீர்வாதம் வந்தது, அது என் அத்தான் வரைக்கும் வந்தது. ஒரு பெண்ணின் கீழ்ப்படிதலால் உண்டான கட்டிடத்தில், பக்கத்தில் அக்கா முந்தானையைக் காதுக்குப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் தூங்க, நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அக்கா தன் வளையல்களை அடகு வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது ஐயாயிரம் ரூபாயை அவள் கையில் திணித்துவிட்டு வந்தேன், அதை உதவி என்றும் நினைத்துக்கொண்டேன்.

வேதத்தில் சவுல் ராஜா செய்தது இதுதான். 1 சாமுவேல் 15-இல், அமலேக்கியரை அவர்கள் ஆடுமாடுகளோடு முழுவதும் அழித்துவிடு என்று கர்த்தர் சொன்னதை முக்கால்வாசி செய்துவிட்டு, அவர்களுடைய ராஜாவையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவைத்துக்கொண்டு, தீர்க்கதரிசி சாமுவேல் வந்ததும் கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று தைரியமாகச் சொல்கிறான். அதற்கு சாமுவேல், அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார். உடனே சவுல், அவை கர்த்தருக்குப் பலியிடத்தான் என்கிறான். நானும் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுப்பது, தவறினதில்லை. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை, ஞாயிறு பள்ளிக்கு ஃபேன், எல்லாம் கொடுத்தேன். 'பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்.' அந்தப் புத்தாண்டுக் காலையில் மகள் கேட்ட கேள்விக்குப் பிறகு, எங்கள் வீட்டு மொசைக் தரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு ஆடுகள் கத்துவது கேட்டது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அக்காவின் பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. மகளின் கல்லூரிக்கென்று போட்டு வைத்திருந்த இரண்டரை லட்சம் டெபாசிட்டைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். 'உங்க அக்கா கேக்காம இருக்கும்போது ஏன்' என்று ஒருமுறை கேட்டாள், மறுநாள் காலையில் அவளே பாஸ்புக்கை எடுத்து மேஜையில் வைத்தாள். மலைப்பிரசங்கத்தில் இயேசு சொல்வது, உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்றில்லை, 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்றுதான். அக்கா கேட்டாளா கேட்கவில்லையா என்பதே அங்கு பேச்சில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் உள்ளே படுத்திருந்தார். இடம் 14 லட்சத்துக்குப் போனது, ஏழு உன்னுடையது, இப்போது இரண்டரை கொண்டுவந்திருக்கிறேன், மீதி மாதம் பத்தாயிரமாகத் தருகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அக்கா அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இதச் சொல்ல ஒனக்கு பதினோரு வருஷம் ஆச்சா?" என்றாள். "கையெழுத்துப் போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்ல. கேட்டா எனக்கு ஒரு பொறந்த வீடு இல்லாமப் போயிருமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." இதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை.

கீழ்ப்படிந்தால் கையோடு ஆசீர்வாதம் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்ல விரும்புகிறேன். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. மாடி ஒழுகிச் செலவு வைத்தது. யோசேப்பு எஜமானின் மனைவிக்கு இணங்காமல் கர்த்தருக்குப் பயந்து நடந்தபோது கிடைத்தது சிறைச்சாலை. நம் ஆண்டவரோ 'மரணபரியந்தம், அதாவது சிலுவையின் மரணபரியந்தமும்' கீழ்ப்படிந்தவர். பத்து ரூபாய் போட்டால் நூறு ரூபாய் வரும் என்கிற மாதிரி இதைப் பிரசங்கம் பண்ணுவது எனக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் பணம் வராதபோது, கீழ்ப்படிந்த ஒரு எளிய விசுவாசி தன்மேல்தான் ஏதோ குற்றம் என்று உடைந்துபோகிறான்.

ஆனால் ஆசீர்வாதம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால், அந்த ஒரு விஷயத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை. நற்கருணைக்கு எழுந்து போகும்போது கால் தயங்குவதில்லை. ஆறு மாதம் கழித்து அக்காவே போன் பண்ணி, அத்தானுக்கு டயாலிசிஸ் நாளில் ஒத்தாசைக்கு வருகிறாயா என்று கேட்டாள். அதற்கு முன் அவள் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்கிற உரிமை அவளுக்குத் திரும்ப வந்திருந்தது. என் மகள் ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, இந்த வீட்டுல எனக்கும் பங்கு உண்டுதானே" என்று சாதாரணமாகக் கேட்டாள், அவளுக்கும் தம்பிக்கும் சரிபாதி என்று அங்கேயே சொன்னேன், அதைக் கேட்டுக்கொண்டே பையன் அப்பளத்தை எடுத்துக் கடித்தான். அடுத்த மாதம் உயிலும் எழுதிவிட்டோம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த இடத்தின் இன்றைய விலை எங்கேயோ போய்விட்டது, நான் கொடுப்பது அன்றைக்கு விற்ற விலையில் பாதி மட்டும்தான், வட்டிகூடச் சேர்க்கவில்லை. இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். அதை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்கிறேன். அக்காவிடம் இதைச் சொன்னதற்கு, "மொதல்ல இத முடி" என்றாள்.

இன்னும் ஐந்து தவணை இருக்கிறது. பத்தாம் தேதி காலையில் போனிலிருந்து பணத்தை அனுப்புவேன். சாயங்காலத்துக்குள் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் 'வந்துட்டு' என்று ஒரு வார்த்தை வரும். போன மாதம் அதற்குக் கீழேயே இன்னொன்றும் வந்தது, 'அசனத்துக்கு ஊருக்குப் போறோம், நீங்களும் வாங்க, வேன் சொல்லியாச்சு' என்று.