வாடைப் பக்கத்து ஜன்னல்கள்

பழைய வீட்டு ஜன்னலைப் பார்க்க யாரைக் கூப்பிட்டாலும், "எடுத்துப் போட்டுடுங்க மேடம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அளவெடுக்க வந்த யுபிவிசி (பிளாஸ்டிக்) ஜன்னல் கம்பெனிப் பையனும் அப்படித்தான். ஜன்னலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை நீட்டி அகலம், உயரம் குறித்துக்கொண்டான். போகும்போது, "பழசை நாங்களே எடுத்துட்டுப் போயிடுவோம், அதுக்கு சார்ஜ் கிடையாது" என்று தாராளமாகச் சொன்னான். அவன் தலை மறைந்ததும் அத்தை (என் மாமியார்), "தேக்கை சும்மா தூக்கிட்டுப் போறதுக்கு சார்ஜ் வேற கேப்பானா?" என்றார். இடித்த வீட்டுக் கதவும் நிலையும் காரைக்குடிக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்பது அத்தைக்குத் தெரியும்.

வீடு மன்னார்குடிக்குப் பக்கத்து கிராமத்தில். மாமனாரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. எல்லாமே தேக்கு ஜன்னல், கொல்லைப்பக்கச் சமையலறை ஜன்னல் மட்டும் வேம்பு. ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு கதவு. தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் கீழ்க்கதவைச் சாத்திக்கொண்டு, மேல்கதவைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கலாம். ஏசி இல்லாத காலத்தில் யோசித்துச் செய்த ஏற்பாடு. தள்ளுகதவு ஜன்னலில் எப்படித் தள்ளினாலும் பாதி கண்ணாடிதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பழைய ஜன்னல் கட்சி.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்த ஊரில் தென்னைகள் விழுந்த கதை தனிக் கதை. ஜன்னல் கதையை மட்டும் சொல்கிறேன். கூடத்தில் வடக்குப் பார்த்த ஜன்னலின் மேல்கதவு ஒன்று கீலோடு பிய்ந்து முற்றத்தில் கிடந்தது. தாழ்ப்பாள் விடவில்லை, கீல்தான் விட்டது. அந்த இடத்தில் ஒரு தகரத்தை அடித்தோம். "தை பிறக்கட்டும், ஆசாரியைக் கூப்பிடலாம்" என்றார் மாமனார். தை பிறந்தது, அடுத்த தையும் பிறந்தது, கொரோனா வந்தது, மாமனார் காலமானார். தகரம் அப்படியே இருந்தது. போன கோடை லீவில்தான் கை வைத்தோம்.

ஆசாரிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு மழுங்கின ஸ்க்ரூடிரைவர் மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகக் குத்திப் பார்த்தார். மேல்கட்டையில் குத்தினால் டொக் என்று சத்தம் வந்தது, ஒரு கீறல்கூட விழவில்லை. பக்கச் சட்டத்திலும் அப்படியே. கீழ்க்கட்டையின் மூலைக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவர் சத்தமே இல்லாமல் அரை அங்குலம் உள்ளே இறங்கியது. அதை வெளியே இழுத்து, முனையில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளை விரலில் தேய்த்துக் காட்டினார். ஈரமாக இருந்தது. சித்திரை வெயிலில்!

"மரம் கெடலை டீச்சர். தண்ணி நிக்கிற எடம் மட்டும் கெட்டிருக்கு."

ஒரு சொம்புத் தண்ணீரை வெளிப்பக்கத் திட்டில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் தெருப்பக்கம் ஓடவில்லை. மெதுவாகத் திரும்பி வந்து சட்டத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. எப்போதோ வெள்ளையடித்த சமயத்தில் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். வாட்டம் உள்பக்கமாக விழுந்திருக்கிறது. சுண்ணாம்பாக இருந்தால் குடித்த தண்ணீரை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. அதனால் கட்டை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வடக்கு, கிழக்கு ஜன்னல்களின் கீழ்க்கட்டைகள்தான் இற்றிருந்தன. தெற்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் எங்கும் இறங்கவில்லை.

ஆகவே முதல் வேலை கொத்தனாருக்கு. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, வாட்டத்தை வெளிப்பக்கம் கொடுத்தார். சன்ஷேடின் அடிப்பக்கம், விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு சின்னக் காடி எடுக்கச் சொன்னோம். சன்ஷேடின் அடிவயிற்றில் ஓடி வரும் தண்ணீர் சுவருக்கு வராமல் அந்தக் காடியிலேயே சொட்டிவிடும். ஜன்னலை மாற்றினாலும் சரி, மராமத்து செய்தாலும் சரி, இதைச் செய்யாமல் காசு செலவழிக்காதீர்கள். புது ஜன்னல் வைத்தாலும் தண்ணீர் அதே வழியில்தான் சுவருக்குள் போகும்.

அடுத்தது கம்பி. கீழ்க்கட்டையில் நீளவாக்கில் விழுந்திருந்த வெடிப்புகளைக் கரையான் வேலை என்றே நினைத்திருந்தோம். வேலையைக் காட்டியது கம்பி. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு ஊதும். துளைக்குள் மாட்டியிருக்கும் கம்பி முனை ஊத, இடம் போதாமல் கட்டை பிளக்கிறது. பிளவில் தண்ணீர் இறங்க, துரு இன்னும் ஏறுகிறது. கம்பிகளைக் கழற்றி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, முனை இற்றுப்போனதற்கு வெல்டரிடம் துண்டு ஒட்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்த பிறகுதான் திரும்ப மாட்டினார்கள்.

கரையான் இல்லாமலும் இல்லை. தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. நடுவில் இருக்கும் கெட்டியான வைரத்தைத் தொடாது, வைரத்தைச் சுற்றி வெளிப்பக்கம் இருக்கும் வெள்ளையை நன்றாகவே தின்னும். ஒரு சட்டத்தின் ஓரத்தில் விரலகலம் வெள்ளை விட்டு அறுத்திருந்தார்கள். அந்த விரலகலத்தை மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டாற்போல் தின்றுவிட்டு, வைரம் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றிருந்தது. புதுத் தேக்கு வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இளமரத்தில் வெள்ளை அதிகம், பாலீஷ் போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

அதனால்தான் ஆசாரி புது மரம் வேண்டாம் என்றார். பக்கத்து ஊரில் இடித்த வீட்டு உத்தரத் துண்டு ஒன்றைப் பிடித்து வந்தார். இற்ற கட்டையை நேராக வெட்டாமல் நீளச் சாய்வாக அறுத்தார், நல்ல மரம் தெரியும்வரை. அதே சாய்வில் பழைய தேக்கை இழைத்து, வைத்துப் பார்த்து, எடுத்து, ஒரு இழைப்பு, மறுபடி வைத்து, மறுபடி எடுத்து... ஒட்டு உட்காரும்வரை பேச்சே கிடையாது. நான் கொடுத்த டீ ஆறிப்போனது. கடைசியில் ஃபெவிகால் தடவி இறுக்கி, ஆணிக்குப் பதில் மூங்கில் முளை அடித்தார். இரும்பாணி மறுபடி துருப்பிடிக்குமே! பிய்ந்து விழுந்த கதவுக்குக் கழுந்து (சட்டத்தில் சொருகும் முனை) ஒன்று மட்டும் உடைந்திருந்தது, அதை மாற்றிவிட்டார். நிலையில் கீல் ஸ்க்ரூக்களின் துளைகள் பெருத்துப் போயிருந்தன. மூங்கில் சிம்பை ஃபெவிகாலில் தோய்த்து அடித்து, காய்ந்த பிறகு ஸ்க்ரூ ஏற்றினார். இதை வீட்டில் நீங்களே செய்யலாம்.

பெயிண்ட் சுரண்டும் வேலைக்கு ஒரு எச்சரிக்கை. பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி என்று அடுக்கு அடுக்காக இருந்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் குழந்தைகள் வாய்க்குத்தான் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், மாஸ்க் போடச் சொல்லுங்கள், சுரண்டியதைச் சாக்கில் அள்ளுங்கள். ஆசாரியின் பேரன் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு வேலை செய்தான். நானும் வகுப்பில் சொல்வது போல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வேம்பு ஜன்னலைக் காப்பாற்ற முடியவில்லை. நாலு பக்கமும் ஸ்க்ரூடிரைவர் இறங்கியது. ஒட்டுப் போட நல்ல மரம் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டும். அங்கே என் வீட்டுக்காரர் ஆசைப்படி யுபிவிசிதான் வைத்தோம், தள்ளுகதவாக இல்லாமல் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி, உள்ளே கொசுவலையோடு. சமையலறைக்கு அது சௌகரியமாகவே இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போகிறது; கொசு வருவதில்லை. மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்குத் தனி கிரில், அதற்குத் தனிக் காசு என்பதை அளவெடுக்க வருகிறவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிரில் இல்லாமலே ஒரு கூடத்து ஜன்னலுக்கு 14,000 ரூபாய் சொன்னார்கள். தேக்கு ஜன்னலை மராமத்து செய்ய மரம், கூலி, கீல், வெல்டர் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 8,000 ரூபாய்க்குள் முடிந்தது. கொத்தனார் கணக்கு தனி, அது எதை வைத்தாலும் உண்டு.

"உன் ஜன்னல்ல சாஞ்சு நின்னு பேச முடியுமாடா?" என்று அத்தை தன் மகனைக் கேட்டார். சமையலறை ஜன்னலில் யார் சாய்ந்து பேசப் போகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்க, பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

முதல் மழைக்குக் கூடத்து மேல்கதவு இறுகியது. உடனே இழைப்புளியைத் தேடினார் வீட்டுக்காரர். ஆசாரிக்குப் போன் போட்டதில், "தொடாதீங்க. மழையில ஊதும், தையில எறங்கும். இப்ப இழைச்சீங்கன்னா சித்திரையில விரல் போற சந்து நிக்கும்" என்றார். உரசுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதுமாம். தேய்த்தோம், திறக்கிறது. பங்குனியிலும் இறுக்கம் விடவில்லை என்றால்தான் அவர் வந்து பார்ப்பாராம்.

கிழக்குப் பக்கத்து ஜன்னல்கள் இன்னும் பாக்கி. உத்தரத் துண்டில் மீதியிருப்பதைச் சாக்கில் சுற்றித் திண்ணைக்கு அடியில் போட்டிருக்கிறோம். அடுத்த கோடை லீவு வரை அதை யாரும் அடுப்பெரிக்க எடுக்காமல் பார்த்துக்கொள்வது அத்தையின் பொறுப்பு.