ஓடிபி வராத சிம்மும் பூட்டிய நூலகமும்

2020 மார்ச் 11ஆம் தேதி கோவிடை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்திருந்தேன். அப்புறம் விமானமே இல்லை. ஆய்வேட்டுக்காக எடுத்த பதினோரு நூலகப் புத்தகங்களும் என் குறிப்புகளும் கடல் தாண்டி விடுதி மேஜையில் கிடந்தன. கையில் லேப்டாப் மட்டும்.

"எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கே" என்றார்கள். இருந்தது உண்மைதான், உள்ளே போக முடிந்தால். கடவுச்சொல் போட்டதும் தளம் ஓடிபி கேட்டது. ஓடிபி போவது படிக்கும் நாட்டில் வாங்கிய சிம்முக்கு. அதில் ரோமிங் கிடையாது. தொழில்நுட்பப் பிரிவுக்கு நான்கு நாள் விடாமல் மெயில் போட்டேன். மாணவர் அட்டையோடு நேரில் வரவும் என்று தானியங்கிப் பதில் வந்தது. சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

நூலகத் தளத்தின் ஓரத்தில் ஒரு சாட் பெட்டி உண்டு. அங்கே படித்த காலமெல்லாம் அதை நான் திறந்ததே இல்லை. அன்று நடுநிசியில் திறந்தேன். அங்கே அப்போது பகல். நூலகர் முதலில் கேட்டது, இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதுதான். நான் அங்கேயே இருப்பதாக வைத்துக்கொண்டுதான் அதுவரை எல்லோரும் பதில் சொல்லியிருந்தார்கள். அவரே தொழில்நுட்பப் பிரிவில் ஓர் ஆளைப் பிடித்து, வீடியோ அழைப்பில் என் அட்டையைச் சரிபார்க்க வைத்து, சிம் இல்லாமலே எண் காட்டும் செயலிக்கு என் கணக்கை மாற்ற வைத்தார். நாற்பது நிமிடம்.

அடுத்த சிக்கல் மின்நூல். பல்கலைக்கழகம் வாங்கிவிட்டால் எத்தனை பேரும் ஒரே நேரத்தில் திறக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒருவருக்கு, மூவருக்கு, எல்லோருக்கும் என்று உரிமத்தில் பல வகை. எனக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஒருவர் வகை. அங்கே இருப்பவர்கள் தூங்கும் நேரத்தில் நான் திறந்தால் காலியாக இருந்தது. நேர வித்தியாசத்தால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

மார்ச் 31 அன்று ஹாத்தி டிரஸ்ட், அதாவது பல நூலகங்களின் ஸ்கேன் செய்த நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் மின்களஞ்சியம், அவசரகாலச் சேவையைத் திறந்தது. உறுப்பு நூலகத்திடம் அச்சுப் பிரதி இருந்தால், பதிப்புரிமை உள்ள நூலாக இருந்தாலும் அதன் ஸ்கேனைத் திரையில் படிக்கலாம். எத்தனை பிரதியோ, ஒரே நேரத்தில் அத்தனை பேர். ஒரு மணி நேரத் தவணை. வேறு யாரும் கேட்காவிட்டால் நீட்டிக்கலாம். முழு நூலை இறக்கிக்கொள்ள முடியாது. எங்கள் நூலகம் அதில் உறுப்பு. என் பதினொன்றில் ஏழு அதில் அகப்பட்டன. தவணை முடிந்து பக்கம் பறிபோகுமோ என்ற பயத்தில் விறுவிறுவென்று கையாலேயே குறிப்பெடுத்தேன். சொல்லப்போனால் அந்தக் குறிப்புகள்தான் உருப்படியானவை.

மிச்சத்துக்கு ஸ்கேன் கோரிக்கை. கட்டடம் பூட்டிக் கிடந்தவரை அதுவும் இல்லை. ஊழியர்கள் வாரத்தில் சில நாள் உள்ளே போக ஆரம்பித்த பிறகு வேறு பிரதிகளிலிருந்து ஓர் அத்தியாயம், இன்னோர் அத்தியாயம் என்று வந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் நீலக் கையுறை மாட்டிய கட்டை விரல் பதிந்திருந்தது. அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை.

புத்தகங்களைத் திருப்பும் கெடு தானாகவே தள்ளிப்போனது, அபராதமும் இல்லை. விடுதியில் தங்கிவிட்ட தோழி கடைசியில் என் புத்தகங்களைத் திருப்பும் பெட்டியில் போட்டாள். மூன்று நாளாகியும் கணக்கில் பதினொன்றும் என் பேரிலேயே நின்றன. பதறிப்போய் மறுபடி சாட். வரும் புத்தகத்தை யாரும் தொடாமல் சில நாள் ஒதுக்கி வைத்த பிறகுதான் பதிவார்களாம்.

அடுத்த வாரம் கணக்கு காலியானது. கூடவே நூலகரிடமிருந்து ஒரு மெயில். ஒரு புத்தகத்துக்குள் என் கையெழுத்தில் நான்காக மடித்த தாள் இருந்ததாம். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து இணைத்திருந்தார்.