திருவாரூரில் ஆடும் மூச்சு

சாயரட்சை என்னும் மாலை பூஜைக்கு முன்பே திருவாரூர் போய்ச் சேர்ந்துவிட்டோம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். அத்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது அந்த விரிவு நன்றாகவே தெரிந்தது.

இங்கே சிவபெருமானுக்குத் தியாகராஜர் என்று பெயர். அவருக்கு முகதரிசனம்தான். மேனியெல்லாம் பட்டும் பூவும் மூடியிருக்கும். பாத தரிசனம் மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் மட்டுமே. தியாகராஜர் எழுந்தருளியிருக்கும் ஏழு விடங்கத் தலங்களுக்கும் ஏழு நடனங்கள் உண்டு. திருநள்ளாற்றில் உன்மத்த நடனம், திருவாய்மூரில் கமல நடனம். ஆரூரில் அசபா நடனம். பாற்கடலில் திருமால் இந்தப் பெருமானை மார்பில் வைத்துப் பூஜித்தாராம். அவர் மூச்சு ஏறி இறங்க, பெருமானும் ஏறி இறங்கி ஆடினார். அப்புறம் இந்திரனிடம் இருந்து, முசுகுந்தச் சக்கரவர்த்தி வழியாக ஆரூருக்கு வந்தார் என்கிறது தலபுராணம்.

அசபா என்ற பெயர் புரிய ஜபத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜபம் என்ற வடசொல்லுக்கு வேர் 'ஜப்'. முணுமுணுப்பது என்று பொருள். கிறிஸ்தவர்கள் ஜெபம் என்பதும் இதே சொல்தான். வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். ஒன்றைவிட அடுத்தது உயர்ந்தது என்பார்கள். இந்த மூன்றையும் தாண்டியது அஜபம், அதாவது ஜபிக்காமலே நடக்கும் ஜபம். தமிழில் அசபை. மூச்சு 'ஹ' என்று வெளியே போய் 'ஸ' என்று உள்ளே வருகிறது, ஓர் இரவு பகலில் 21,600 முறை என்கின்றன யோக நூல்கள். கணக்குப் போட்டால் நிமிடத்துக்குப் 15. நாம் சாதாரணமாக விடும் மூச்சு அவ்வளவுதான்!

அத்தையை அழைத்துவந்ததே இதற்காகத்தான். ஐந்தெழுத்து ஜபிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து ஜபமாலையைக் கையில் எடுப்பதே இல்லை. சொல்ல முடியவில்லையே என்ற தவிப்பு கண்ணில் நிற்கும். பஞ்சமுக வாத்தியம் முழங்கி தீபாராதனை ஆனதும் அவர் காதருகே குனிந்து, "அத்தை, நீங்க மூச்சு விடுறதையே ஜபமா எடுத்துக்கிட்டு ஆடுற சாமி இவர்" என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கமலாம்பாள் சந்நிதிக்கும் போனோம். மார்கழித் திருவாதிரைக்குக் கூட்டம் நெரியும், நாற்காலி நகராது என்று அங்கே சொன்னார்கள். சரி, முதல் நாளே வந்து தங்கிக்கொள்கிறோம். பாத தரிசனமும் அத்தை பார்த்துவிடட்டும்.